சக்கரங்களின் மேல் ஓர் இல்லம்

நுழையும் முன்

பங்காருபேட்டை, கோலார் தங்கவயல் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு வேலூர், சேலம் போன்ற பகுதிகளில் மூதாதையர் ஊர்கள் உள்ளன. திருவிழாவுக்கோ திருமணத்திற்கோ குடும்பமாக அங்குச் சென்று வருவது இன்றும் வழக்கம். அத்தகைய பயணத்திற்குப் பழைய சிற்றுந்து ஒன்றை, படுக்கையும் அடுப்பும் மின்விளக்கும் கொண்ட சுற்றுலா ஊர்தியாக மாற்ற முடியுமா? முடியும். எவ்வாறு மாற்றுவது, எதை மாற்றக் கூடாது என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

உமண் சகடமும் வணிகச் சாத்தும்

ஊர்தியிலேயே வாழ்தல் தமிழருக்குப் புதிதன்று. சங்ககாலத்தில் உப்பு வணிகராகிய உமணர், குடும்பத்துடன் மாட்டு வண்டிகளில் ஊர் ஊராகச் சென்றனர். அவர்களுடைய வண்டியில் கோழிக்கூடும் காடி வைத்த பானையும் இருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. உமணர் பிள்ளைகளுடன் குரங்கு ஒன்று விளையாடிய காட்சியைச் சிறுபாணாற்றுப்படை வரைந்துள்ளது. வழியில் அச்சு முறிந்தால் உதவும் பொருட்டு, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கம் புறநானூற்றில் பதிவாகியுள்ளது. அந்த மாற்று அச்சுக்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். இன்றைய ஊர்திகளில் ஏற்றிச் செல்லும் மாற்றுச் சக்கரத்திற்கு அதுவே முன்னோடி எனலாம்.

கூட்டமாகச் செல்லும் வணிகரைச் ‘சாத்து’ என்றனர். கோவலனின் தந்தையாகிய மாசாத்துவானின் பெயர், பெரிய வணிகக் கூட்டத்தின் தலைவன் என்று பொருள்படும். இதே கருத்தைத் தரும் பாரசீகச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் ‘கேரவன்’ ஆயிற்று. பொழுதுபோக்குப் பயணத்திற்கென ஒரு வீட்டு வண்டியை 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்வித்தவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர். ‘வாண்டரர்’ என்று பெயரிடப்பெற்ற அவ்வண்டியைக் குதிரைகள் இழுத்தன. 1950களில் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் சிற்றுந்துகள் படுக்கையும் சிறு அடுப்பும் பெற்று இல்லங்களாக மாறின. நம் நாட்டில் கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது.

பழைய ஊர்தியை வேறு பயனுக்கு மாற்றிய சான்று நமக்கு அருகிலும் உண்டு. கர்நாடக மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் 2020ஆம் ஆண்டில் ஓடி முடிந்த பேருந்து ஒன்றைப் பெண்களுக்கான கழிப்பறையாக மாற்றிப் பெங்களூரில் நிறுத்தியது. சாலையில் ஓடும் காலம் முடிந்த பின்னும் ஓர் ஊர்தி பயன்தர முடியும் என்பதை அது காட்டிற்று. ஆயினும், நிறுத்தி வைக்கும் ஊர்தியை மாற்றுவது எளிது. ஓடும் ஊர்தியை இல்லமாக்குவதற்கு மிகுந்த கவனம் வேண்டும்.

முதலில் அடிச்சட்டம், பிறகு அழகு

பன்னிரண்டு முதல் இருபது இருக்கைகள் கொண்ட டெம்போ டிராவலர் போன்ற சிற்றுந்துகள் இம்மாற்றத்திற்கு ஏற்றவை. பழைய ஊர்தியை வாங்குவோர் முதலில் காண வேண்டியது அதன் வண்ணப் பூச்சை அன்று. ‘சேஸிஸ்’ எனப்படும் அடிச்சட்டத்தை. அடிச்சட்டத்தில் துரு ஏறியிருந்தால், மேலே எவ்வளவு அழகு செய்தாலும் பயனில்லை. பணிமனையினர் ‘பட்டா’ என்று கூறும் வில்தகடுகள், தடைக் கருவிகள், சக்கரங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழுது நீக்கிய பின்னரே உட்புற வேலையைத் தொடங்க வேண்டும்.

சட்டமும் இங்கு வழிகாட்டுகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எனவே கூரையை வெட்டி உயர்த்துதல், அடிச்சட்டத்தை நீட்டுதல் போன்றவற்றை விருப்பம்போல் செய்யக் கூடாது. இருக்கைகளை நீக்கிப் படுக்கை அமைப்பதற்கு முன்பும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டி, எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும். வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்பவர், செய்ததைப் பிரிக்கவும் நேரிடலாம்.

எடைக் கணக்கு

மென்மையான மயிலிறகே ஆயினும், அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கருத்து. ஊர்தியை இல்லமாக்குவோர் மறக்கக் கூடாத உண்மை அது. ஒவ்வொரு வசதிக்கும் ஓர் எடை உண்டு.

ஓர் ஊர்தியின் வெற்று எடை 2,300 கிலோகிராம் என்றும், ஏற்றத்துடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,300 கிலோகிராம் என்றும் கொள்வோம். இரண்டிற்கும் உள்ள வேறுபாடாகிய 1,000 கிலோகிராமுக்குள் அனைத்தும் அடங்க வேண்டும்.

பயணிகள் ஐவர் – 300 கிலோகிராம்
உடைகள், பாத்திரங்கள் – 100 கிலோகிராம்
படுக்கைகள், அலமாரி, ஒட்டுப்பலகை – 220 கிலோகிராம்
நீர் 80 லிட்டர், தொட்டியுடன் – 90 கிலோகிராம்
பாட்டரிகள் இரண்டு – 110 கிலோகிராம்
சூரிய மின்பலகை, தாங்கியுடன் – 30 கிலோகிராம்
அடுப்பு, எரிவாயு உருளை, குளிர்பெட்டி – 70 கிலோகிராம்
மொத்தம் – 920 கிலோகிராம்

மீதி 80 கிலோகிராம் மட்டுமே. ஊரிலிருந்து திரும்பும்போது மாமா அன்புடன் 75 கிலோகிராம் அரிசி மூட்டை ஒன்றை ஏற்றிவிட்டால், அதன் பின் ஒரு பலாப்பழத்திற்கும் இடமில்லை!

எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே உள்ளது என்பதும் இன்றியமையாதது. நீர்த்தொட்டி, பாட்டரி போன்ற கனமான பொருள்களைத் தரைமட்டத்தில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வைக்க வேண்டும். அவற்றை மேலே வைத்தால் ஊர்தியின் ஈர்ப்பு மையம் உயரும். வளைவுகளில் ஊர்தி சாயும். பங்காருபேட்டையிலிருந்து வெங்கடகிரிகோட்டை வழியாகப் பேர்ணாம்பட்டுக்குச் செல்வோர் பத்தலப்பள்ளி மலைப்பாதையில் இறங்குகின்றனர். அத்தகைய வளைவும் இறக்கமும் நிறைந்த பாதையில், மிகை எடை கொண்ட ஊர்தியின் தடைக் கருவிகள் சூடேறி வலுவிழக்கும். எடைக் கணக்கு காகிதத்தில் பிழையானால், அதன் விளைவு மலைப்பாதையில் வெளிப்படும்.

வெப்பத்தை வெல்லும் வழி

இரும்புத் தகட்டால் ஆன ஊர்தி வெயிலில் அடுப்புபோல் கொதிக்கும். அதனைத் தணிக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கூரைக்கு வெண்ணிறம் பூசுதல். வெண்மை, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது, வெளித்தகட்டிற்கும் உட்பலகைக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தாத நுரைத்தாளைப் பொருத்துதல். மூன்றாவது, காற்றோட்டம்.

காற்றோட்டத்தின் அருமையைத் தங்கவயல் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அங்குப் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. ஒரு வழியாக நல்ல காற்றைச் செலுத்தி, மற்றொரு வழியாகச் சூடான காற்றை வெளியேற்றியதால்தான் மனிதர்கள் அங்கு வேலை செய்ய முடிந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்த அறிவியல் மூடப்படவில்லை. ஊர்திக்கும் அதே விதிதான். சூடான காற்று மேலே எழும். எனவே காற்றை வெளியேற்றும் விசிறியைக் கூரையிலும், காற்று நுழையும் சாளரத்தை எதிர்ப்புறத்தில் தாழ்வாகவும் அமைக்க வேண்டும். ஒரே ஒரு திறப்பு மட்டும் இருந்தால் விசிறி சுழலும், காற்று நகராது.

ஒளியும் மின்சாரமும்

இந்தியாவில் மிக முற்காலத்திலேயே மின்சாரம் பெற்ற ஊர்களுள் தங்கவயலும் ஒன்று. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உண்டாக்கப்பெற்ற மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகளின் வழியே 1902ஆம் ஆண்டில் இங்கு வந்தது. ஓடும் ஊர்திக்கு அவ்வாறு கம்பி இழுக்க இயலாது. தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது தானே உண்டாக்கித் தானே சேமிக்க வேண்டும்.

மின்செலவை ‘வாட்–மணி’ என்னும் அலகால் அளப்பர். 25 வாட் விசிறி 8 மணி நேரம் சுழன்றால் செலவு 200 வாட்–மணி. ஒரு நாள் தேவையைக் கணக்கிடுவோம்.

விளக்குகள்: 6 × 5 வாட் × 5 மணி = 150
விசிறிகள்: 2 × 25 வாட் × 8 மணி = 400
சிறு குளிர்பெட்டி: 45 வாட் × 12 மணி = 540
கைப்பேசிகள், மடிக்கணினி = 160
நீரேற்றி: 40 வாட் × அரை மணி = 20
மொத்தம் = 1,270 வாட்–மணி

12 வோல்ட், 150 ஆம்பியர்–மணி கொண்ட பாட்டரி ஒன்றில் 1,800 வாட்–மணி மின்சாரம் அடங்கும். ஈய–அமிலப் பாட்டரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் வாழ்நாள் குறையும். ஆகவே ஒரு பாட்டரியிலிருந்து 900 மட்டுமே எடுக்கலாம். இரண்டு பாட்டரிகளிலிருந்து 1,800 கிடைக்கும். கூரையிலுள்ள 300 வாட் சூரியப் பலகை, நல்ல வெயிலில் இழப்புகள் போக நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,100 வாட்–மணி தரும். குறையும் பகுதியை, ஊர்தி ஓடும்போது இயந்திரத்துடன் இணைந்த ஆல்டர்னேட்டர் ஈடுசெய்யும். ஊர்தியை இயக்கும் பாட்டரியும் இல்லத்துக்கான பாட்டரியும் தனித்தனியே இருத்தல் வேண்டும். இல்லையேல் இரவெல்லாம் விளக்கெரித்த குடும்பம், காலையில் ஊர்தியைத் தள்ள வேண்டியிருக்கும்.

குளிரூட்டி வைத்தால் என்ன? 1,000 வாட் குளிரூட்டி ஓர் இரவில் 8 மணி நேரம் தொடர்ந்து இயங்கினால் 8,000 வாட்–மணி வேண்டும். மேற்கண்ட இரு பாட்டரிகளும் இரண்டு மணி நேரத்திற்குள் ஓய்ந்துவிடும். வெளி மின்சாரம் கிடைக்கும் இடங்களில் மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம். கடல்மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் உள்ள நம் பகுதியின் இரவுகளுக்கு விசிறியே பெரும்பாலும் போதும்.

இன்னொரு செய்தியையும் கருத வேண்டும். 1,200 வாட் மின்அடுப்பு, வீட்டின் 230 வோல்ட் இணைப்பில் சுமார் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அதே அடுப்பை இயக்கினால் 100 ஆம்பியர் பாயும். மெல்லிய கம்பி அதனைத் தாங்காது, உருகித் தீப்பற்றும். எனவே மின்னோட்டத்திற்கு ஏற்ற தடித்த கம்பியும், ஒவ்வோர் இணைப்பிற்கும் தனித்தனி ஃபியூசும் கட்டாயம்.

நீரும் நெருப்பும்

வற்றாத ஆறு இல்லாத கோலார் மாவட்டத்தில் நீரின் அருமை அனைவரும் அறிந்ததே. பாலாற்றின் பேத்தமங்கல நீர்த்தேக்கமே தங்கவயலுக்கு நீரளித்தது. அதே பாலாறுதான் வேலூரையும் கடந்து செல்கிறது. ஊர்தியின் நீர்த்தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வேண்டும். இல்லையெனில் பாதி நிரம்பிய தொட்டியில் நீர் அலைந்து ஊர்தியை ஆட்டும். கழுவிய நீரைச் சாலையோரத்திலோ ஏரியிலோ விடாமல், தனித் தொட்டியில் சேர்த்து உரிய இடத்தில் வெளியேற்றுதல் நல்ல பயணியின் கடமை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையில் படியும். ஆகவே உருளை வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருத்தல் வேண்டும். ஊர்தி ஓடும்போது அடுப்பை ஏற்றவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத பகை

எரிபொருள் முழுமையாக எரியாதபோது தோன்றும் கார்பன் மோனாக்சைடு என்னும் வளிமம் நிறமும் மணமும் அற்றது. உறங்குவோர் அதனை அறியாமலேயே மயங்குவர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்ட கேரவன் ஒன்றில் உறங்கிய இருவர் உயிரிழந்தனர். மின்னாக்கியிலிருந்து வெளிவந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

இதனால் நாம் அறிவன மூன்று. நிறுத்திய ஊர்தியில் இயந்திரத்தையோ மின்னாக்கியையோ இயக்கிவிட்டு உறங்குதல் கூடாது. தரைத்தகட்டில் உள்ள துளைகளை எல்லாம் அடைத்தல் வேண்டும். அவ்வளிமத்தை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றைப் படுக்கையருகே பொருத்துதல் வேண்டும். தொலைக்காட்சி வாங்குவதற்கு முன் வாங்க வேண்டிய கருவி இதுவே. தீயணைக்கும் உருளையும், உள்ளிருந்து எளிதில் திறக்கும் இரண்டாவது வாயிலும் இதே வரிசையில் அடங்கும்.

வழிகாட்டும் கருவிகள்

சுற்றுலா ஊர்தியில் இன்று பல மின்னணுக் கருவிகள் இடம்பெறுகின்றன. பின்னால் உள்ளதைக் காட்டும் படக்கருவி, நீண்ட ஊர்தியைப் பின்னோக்கிச் செலுத்த உதவும். சக்கரக் காற்றழுத்தத்தை உணர்த்தும் கருவி, பழுதை முன்னரே அறிவிக்கும். இடமறியும் கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இதற்கென ‘நாவிக்’ என்னும் அமைப்பை உருவாக்கியுள்ளது. மலைப்பாதையில் இணையம் கிடைக்காமல் போகலாம். எனவே வழிப்படத்தைப் புறப்படும் முன்பே பதிவிறக்கிக் கொள்ளுதல் நன்று.

கருவிகள் மட்டுமே வசதி ஆகா. குடும்பத்துடன் வரும் பாட்டிக்கு, உயரம் குறைந்த மடக்குப் படியும் உறுதியான கைப்பிடியும் வண்ண விளக்குகளைவிடப் பெரிய வசதிகள். ஊர்தி ஓடும்போது எவரும் படுக்கையில் இருத்தலாகாது. அனைவருக்கும் வார்ப்பட்டையுடன் கூடிய இருக்கை வேண்டும். ஆகவே ஐந்து படுக்கைகள் அமைத்து மூன்று இருக்கைகள் வைப்பது, இருவரைப் பாதுகாப்பின்றி அழைத்துச் செல்வதாகும்.

நிறைவாக

எடை, மின்சாரம், காற்று ஆகிய மூன்றும் ஊர்தியில் அளவுடையவை. ஒரு வசதியைச் சேர்ப்பவர் அதற்கு ஈடாக எதை விடுகிறோம் என்று எண்ண வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றுவது வசதி ஆகாது. வேண்டியதை அறிந்து, அதனை உரிய இடத்தில் வைப்பதே வசதி. உமணர் தம் வண்டியில் தேவையற்ற அணிகலன்களை அடுக்கவில்லை. சேம அச்சைக் கட்டினர். அவ்வறிவு நமக்கும் இருந்தால், பழைய சிற்றுந்தும் ஒரு நல்ல இல்லமாகும்.

சொற்பொருள்

உமணர் – உப்பு வணிகர்
சகடம் – வண்டி
சாத்து – வணிகர் கூட்டம்
காடி – புளித்த கஞ்சி
சேமம் – பாதுகாப்பு
வளிமம் – காற்று வடிவில் உள்ள பொருள்

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. சிற்றுந்து  2. பேருந்து  3. அடிச்சட்டம்  4. வெண்ணிறம்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சேம அச்சு என்பது யாது? அதனை இன்றைய எப்பொருளுடன் ஒப்பிடலாம்?
2. காற்றை வெளியேற்றும் விசிறியைக் கூரையில் அமைப்பது ஏன்?
3. எரிவாயு உருளை வைக்கும் பெட்டியின் அடியில் துளை இடுவதன் காரணம் யாது?

இ. கணக்கிட்டு எழுதுக.
1. பாடத்தில் கண்ட ஊர்தியில் 60 கிலோகிராம் எடையுள்ள மேலும் ஒருவர் ஏறினால், எஞ்சும் எடை அளவு எவ்வளவு? அந்நிலையில் அரிசி மூட்டையை ஏற்றலாமா?
2. மழைக்காலத்தில் சூரியப் பலகை நாளொன்றுக்கு 400 வாட்–மணி மட்டுமே தருகிறது. ஊர்தியும் ஓடவில்லை. 1,270 வாட்–மணித் தேவையில் எவ்வளவு குறையும்? எக்கருவியின் பயன்பாட்டை முதலில் குறைப்பீர்கள்?

ஈ. சிந்தித்து எழுதுக.
1. திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரத்தைப் படித்து, மயிலிறகு பற்றிய குறளைக் கண்டறிக. அக்கருத்து ஊர்திக்கு மட்டும் பொருந்துமா? பத்து வரிகளில் எழுதுக.
2. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் மூதாதையர் ஊரிலிருந்து முதன்முதலில் எவ்வாறு பயணம் செய்து இங்கு வந்தனர் என்று கேட்டு எழுதுக. அப்பயணத்தில் உடன் கொண்டுவந்த பொருள்களைப் பட்டியலிடுக.